பொருந்தாத கல்

ஜியாலஜி துறையில் அக்னஸுக்கு ஒரு ஸ்டூல் உண்டு. சரித்திரத் துறையில் அதுவும் கிடையாது. அங்கே போனால் ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டே பேசிவிட்டு வர வேண்டும். ஒரே கல்லூரி, ஒரே மாடிப்படி. கீழே கல், மேலே கல்வெட்டு. கீழே இருந்தவர்கள் அவளைக் "கல்வெட்டம்மா" என்று கேலி பேசினார்கள். மேலே இருந்தவர்கள், "சுத்தியல் வருது, மேசை மேல இருக்கறதை எடுத்து உள்ள வைங்க" என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது பழமொழி. மத்தளமாவது இடித்தால் சத்தம் போடும். அக்னஸ் நாலு வருஷமாக வாயே திறக்கவில்லை.

பொன்மலை ரயில்வே பட்டறை ஃபிட்டர் அற்புதசாமியின் மகள் அவள். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுக் கல்லூரியில் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தாள். ஏப்ரலில் போய் ஜூனில் திரும்பக் கிடைக்கிற வேலை அது. டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டால் வேலை நிரந்தரமாகும், இல்லாவிட்டால் வருகிற ஜூனில் கிடைக்காது என்று முதல்வர் அமிர்தசாமி சுற்றிவளைக்காமல் சொல்லியிருந்தார். ஆக, அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த ஆய்வு ஒன்றுதான்.

ஆய்வு எழுபத்தேழாம் வருஷத்து வெள்ளத்தில் ஆரம்பித்தது. காவிரியும் கொள்ளிடமும் ஊருக்குள் புகுந்து விட்டுப்போன மணல் ஸ்ரீரங்கத்துத் தோப்புகளில் முழங்கால் உயரம் கிடந்தது. தோப்புக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொள்ளிடக் கரையோரம் ஒரு வாழைத் தோப்பில் அந்த மணலை அள்ளிப் புதைக்க வெட்டிய குழியில், ஆள் ஆழத்துக்குக் கீழே, இன்னொரு மணல் அடுக்கு இருந்ததை அக்னஸ் பார்த்தாள். புது மணலைவிட மூன்று பங்கு தடிமன். இந்த மணல் எப்போது வந்தது? அவள் கேட்டது இந்த ஒரு கேள்விதான். இதற்கு ஒரு துறை போதாது என்பதும், இரண்டு துறை என்பது ஒன்றுமில்லாததைவிட மோசம் என்பதும் பாவம் அப்போது அவளுக்குத் தெரியாது.

மணலைப் படிக்க ஜியாலஜி தலைவர் தாயுமானவன் வழிகாட்டி. அதே தோப்புக்குப் பக்கத்தில் இடிந்த மண்டபம் ஒன்றில், ஆறு உடைத்து நிலத்தை மணலாக்கிய செய்தியைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று கிடந்தது. அதைப் படிக்கச் சரித்திரத் தலைவர் ஸ்ரீரங்கராஜன் இரண்டாவது வழிகாட்டி. மாடிப்படிக்கு அடியில் உள்ள ஓர் அறை யாருக்கு என்பதில் ஆரம்பித்து, இரண்டு பேரும் பத்து வருஷமாகக் கீரியும் பாம்பும். இருவரும் தங்கள் தொழிலில் சூரர்கள். அந்தப் பழைய மணல் மனிதர் வருவதற்கு முன்பு, பல்லாயிரம் வருஷத்துக்கு முந்தி வந்தது என்று தாயுமானவன் கட்டுரை எழுதியிருந்தார். கல்வெட்டில் உள்ள வெள்ளம் எழுநூற்றைம்பது வருஷத்துக்கு முன்பு, இன்ன ராஜாவின் இன்ன ஆட்சியாண்டில் வந்தது என்று ஸ்ரீரங்கராஜன் எழுதியிருந்தார். இருவரும் எழுதியது ஒரே மணலைப் பற்றி. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்ததில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இருவரும் இருந்தார்கள், அதுவும் ஒரே முயலுக்கு.

கல்வெட்டுக்காரர்கள் கல்லை வீட்டுக்குத் தூக்கிப்போக முடியாது. ஈரக் காகிதத்தைக் கல்லின் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றி எடுப்பார்கள். எழுத்து வெள்ளையாகக் காகிதத்தில் விழும். அதற்குப் படி என்று பெயர். அப்புறம் வாசிப்பு எல்லாம் படியை வைத்துத்தான். அந்த மண்டபத்தில் கிடந்தவை இரண்டு துண்டுகள். மேல் துண்டில் ராஜா பேரும் ஆட்சியாண்டும். கீழ்த் துண்டில் வெள்ளமும் மணலும். ஸ்ரீரங்கராஜன் இளைஞராக இருந்தபோது ஆள் அனுப்பி இரண்டுக்கும் படி எடுத்து, மேசையில் ஒட்ட வைத்துப் பார்த்து, ஒரே கல்வெட்டு என்று அடித்துச் சொன்னார். அதில்தான் அவருக்குப் பேர் வந்தது. மாநாடுகளில் மாலை போட்டது அந்த ஒரு வருஷத்துக்காகத்தான்.

எண்பத்தொன்றாம் வருஷம் தை மாதம் ஒரு காலை, அக்னஸ் விடாமல் கேட்டுக்கொண்டதால், அவர் முதன்முறையாக மண்டபத்துக்கு நேரில் வந்தார். கல்லின் அளவை ஆய்வேட்டில் சேர்க்க வேண்டும் என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார். அக்னஸ் முட்டிபோட்டு உட்கார்ந்து மேல் துண்டின் உடைந்த விளிம்பைத் துடைத்தாள்.

காய்ந்த கல்லில் ஒன்றும் தெரியாது. நனைந்தால்தான் அதன் மணிகள் நிறம் நிறமாகத் துலங்கும். ஜியாலஜிக்காரர்கள் தண்ணீர் கிடைக்காத பொட்டலில் அலைகிறவர்கள். கல்லை உடைத்து, நாக்கால் ஒரு தடவை தொட்டுவிட்டு லென்ஸை வைப்பார்கள். மருங்காபுரிப் பக்கம் போன முதல் களப்பயணத்தில் தாயுமானவனே மாணவர்களை வரிசையாக நிற்க வைத்துப் பழக்கிக் கொடுத்தது இது. அக்னஸுக்கு ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம். கொள்ளிடம் கூப்பிடு தூரத்தில் ஓடியது. ஒரு கை தண்ணீர் அள்ளி வந்திருக்கலாம். அவள் குனிந்தாள், நாக்கு நுனியால் கல்லைத் தொட்டாள், லென்ஸை வைத்தாள்.

இளஞ்சிவப்பு வரிகள் விளிம்பு வரை ஓடி வந்து நின்றன. கீழ்த் துண்டுக்குப் போனாள். அதையும் தொட்டாள். எண்ணெய் தடவினாற்போல் கருநீலம், ஒரு வரி கிடையாது. உடைந்து பிரிந்த ஒரே கல் என்றால் அந்த வரிகள் இங்கே தொடர வேண்டும். இது வேறு மலை, அது வேறு மலை.

"என்ன பண்றே நீ?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"சார், இது ரெண்டும் ஒரே கல் இல்லைங்க சார்."

"நான் அதைக் கேக்கலை. நாக்கையா வெச்சே அதிலே?"

அக்னஸ் எழுந்து நின்றாள். "பழக்கத்துல பண்ணிட்டேன் சார்."

"பெருமாள் திருநாமம் வெட்டியிருக்கற சிலா அது. எச்சில் பண்ணிட்டு நிக்கறே. இதைவிட அபசாரம் உண்டா?"

"தப்புத்தாங்க சார். இப்பவே தண்ணி கொண்டாந்து கழுவிடறேன். ஆனா நீங்க ஒரு தடவை கிட்ட வந்து பாருங்க."

"நான் பாக்க வேண்டியதெல்லாம் எப்பவோ பாத்தாச்சு" என்றார் ஸ்ரீரங்கராஜன். குடையை மடக்காமலே ரிக்‌ஷாவைப் பார்த்து நடந்தார்.

எச்சில் பட்டதில் அவருக்கு உண்டான வேதனை உண்மையானது. அதைக் கேலி செய்வதற்கில்லை. அக்னஸும் ஆற்றிலிருந்து நாலு நடை தண்ணீர் சுமந்து வந்து கல்லைக் கழுவினாள். ஆனால் கல்லைப் பார்க்க வராமல் போனாரே, அதற்கு எந்த ஆசாரத்திலும் இடமில்லை. கழுவ ஊற்றிய தண்ணீரில் இரண்டு துண்டும் பளிச்சென்று வேறு வேறாகத் தெரிந்தன. பார்க்கத்தான் ஆள் இல்லை.

விஷயம் மாடிப்படி இறங்கித் தாயுமானவன் காதுக்கு வர ஒரு நாள் ஆனது. மறுநாள் அவர் அக்னஸைக் கூப்பிட்டு, தன் மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். நாலு வருஷத்தில் முதல் தடவை.

"உக்காரும்மா. காபி சொல்லவா? ரெண்டு கல்லும் வேறேன்னு நிச்சயமா தெரியுமா?"

"நிச்சயமா தெரியும் சார்."

"பேஷ். நீ அசல் ஜியாலஜி ஆளு, நான் எப்பவும் சொல்லிட்டிருப்பேனே. அந்தக் கல்வெட்டு அத்தியாயம் பூரா எடுத்துடு. 'சரித்திரக்காரங்க ஆதாரம் எதுவும் நம்பத்தக்கதில்லை'ன்னு ஒரு பத்தி போடு. சுத்தமான ஜியாலஜி ஆய்வா சமர்ப்பி. ஜூன்ல உன் இடம் உனக்கு."

அக்னஸ் கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உடைந்த கூரை ஓடுகள், ஒரு அகலின் பாதி. "சார், இதெல்லாம் அந்தப் பழைய மணலுக்கு அடியில கிடந்துச்சு. முதல் குழியிலயும், அப்புறம் நான் வெட்டின குழியிலயும். மணல் வர்றதுக்கு முன்னாடியே அங்க வீடு இருந்திருக்கு."

தாயுமானவன் ஓடுகளைத் தொடவில்லை. "எலி வளையில விழுந்திருக்கும்."

"வரிசையா, படுத்த வாக்குல கிடந்துச்சு சார்."

"எலி வளைன்னா எலி வளை. இதை ஆய்வேட்டுல காட்டாதே. காட்டினா நீ ஜியாலஜி ஆளே இல்லை, அந்த ஐயங்காரோட ஆளுன்னு நான் எழுதிக் குடுத்துடுவேன்." சொல்லிக்கொண்டே எழுந்து நின்றார். காபி வரவில்லை.

அந்த வாரமே ஸ்ரீரங்கராஜனும் ஆள் அனுப்பினார். கோபம் அடங்கியிருந்தது போலிருந்தது. "நடந்ததை நான் மறந்துடறேன். கல்வெட்டு வாசிக்க உனக்கு நன்னா வர்றது. ஹிஸ்டரியிலேயே சமர்ப்பிச்சுடு. எங்க பக்கமும் ஜூன்ல ஒரு இடம் காலியாறது. அந்தக் கல்லு சமாசாரத்தை மட்டும் விட்டுடு" என்றார்.

"கல்லை விட்டுட்டா வருஷம் தப்பா நின்னுடுமே சார்."

"நின்னுண்டுதானே இருக்கு இத்தனை காலமா. என்ன கெட்டுப்போச்சு?"

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று அம்மா வியாகுலம்மாள் தினமும் வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தாள். இப்போது ஆறும் கூப்பிட்டது, சேறும் கூப்பிட்டது. ஏதாவது ஒரு கரையில் ஏறிவிட்டால் சம்பளம், மரியாதை, நாற்காலி எல்லாம் கிடைக்கும். கேட்கிறவர்களிடம் 'நான் இன்னார்' என்று ஒரு வார்த்தையில் சொல்லிக்கொள்ளலாம். அக்னஸுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ராத்திரி படுத்தால் ஒரு நாள் ஜியாலஜியில் சேர்ந்தாள், மறுநாள் சரித்திரத்தில் சேர்ந்தாள். எந்தப் பக்கம் சேர்ந்தாலும் ஒரு பொய்யைக் கூடவே குடிவைக்க வேண்டியிருந்தது.

ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் இரண்டு துறையும் கூடிய சபையில் அதை விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது கல்லூரி வழக்கம். மார்ச்சில் கூட்டம் நடந்தது. நடுவில் வழி விட்டு இந்தப் பக்கம் ஒரு துறை, அந்தப் பக்கம் ஒரு துறை. கல்யாணத்தில் பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் உட்கார்ந்திருப்பது மாதிரி. பெண் மட்டும் இரண்டு வீட்டுக்கும் வேண்டாதவள். முன்வரிசையில் முதல்வர் அமிர்தசாமி இருந்தார்.

அக்னஸ் கல்லைப் பற்றிச் சொன்னாள். இரண்டு துண்டும் வேறு என்பதால் மேல் துண்டின் ஆட்சியாண்டை வெள்ளத்துக்குச் சூட்ட முடியாது என்றாள். தாயுமானவன் காலை ஆட்டிக்கொண்டு புன்னகை செய்தார். ஓட்டுத் துண்டுகள் பையில்தான் இருந்தன. எடுப்பதா வேண்டாமா என்று அந்த நிமிஷம் வரை அவள் தீர்மானிக்கவில்லை.

ஸ்ரீரங்கராஜன் எழுந்தார். "ஒரு கேள்வி. கல்லை எதால பாத்தே?"

"லென்ஸால சார்."

"லென்ஸுக்கு முன்னாடி?"

அவர் காத்திருந்தார்.

"நாக்கால நனைச்சேன் சார்."

சரித்திரப் பக்கம் சிரிப்பு எழுந்தது. யாரோ "சீச்சீ" என்றார்கள். முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். "சபையில உள்ளவா கேட்டுக்கணும்" என்றார் ஸ்ரீரங்கராஜன். "பகவான் பேர் உள்ள கல்லை நக்கிப் பாத்துட்டு என் வாசிப்பு தப்புங்கறா. இது எந்த சாஸ்திரத்துல இருக்கு? யார் சொல்லிக்குடுத்தா?"

அக்னஸ் தாயுமானவனைப் பார்த்தாள். ஜியாலஜிப் பக்கம் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். மருங்காபுரி வெயிலில் அவர் சொல்லி வரிசையாகக் கல்லைத் தொட்ட நாக்குகள்தான் அங்கே இருந்த அத்தனையும். தாயுமானவன் தொண்டையைச் செருமினார். "எங்க துறையில லென்ஸ் இருக்கு, மைக்ராஸ்கோப் இருக்கு. இந்தப் பழக்கம் எங்க ஆளுங்க யாருக்கும் கிடையாது" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். அவருடைய மாணவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அக்னஸுக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. நாலு வருஷத்துக் கோபம் வட்டியும் முதலுமாக வந்தது. பையைத் திறந்து ஓடுகளையும் அகலையும் எடுத்துத் தாயுமானவனுக்கு எதிரே மேசையில் ஒவ்வொன்றாக வைத்தாள்.

"எச்சில் பட்டது என் தப்பு. அதை அன்னைக்கே கழுவிட்டேன்" என்றாள். "ஹிஸ்டரி சார் எழுத்தைப் பாத்து இது இன்ன நூற்றாண்டுன்னு சொன்னது சரி. ரெண்டு துண்டுலயும் எழுத்து ஒரே காலத்து எழுத்துதான். வருஷம் மட்டும் தப்பு. ஜியாலஜி சார் இந்த மணல் ஒரே வெள்ளத்துல வந்ததுன்னு சொன்னது சரி. பல்லாயிரம் வருஷம்னு சொன்னது தப்பு. மணலுக்கு அடியில ஓடு இருக்கு, விளக்கு இருக்கு. எலி விளக்கு ஏத்தாது. ரெண்டு பேரும் ஒருத்தர் கட்டுரையை ஒருத்தர் ஒரு தடவை படிச்சிருந்தா இதை நான் சொல்ல வேண்டியதில்லை."

இப்போது எந்தப் பக்கமும் சிரிக்கவில்லை. முதல்வர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "சரி, இதை எந்தத் துறையில சமர்ப்பிக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

"எங்க துறையில இல்லை" என்றார்கள் இருவரும். இரண்டு குரலும் ஒரே நேரத்தில் வந்தன.

அடுத்த வாரம் முதல்வர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தாயுமானவனும் ஸ்ரீரங்கராஜனும் அங்கே அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். முதல்வர் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். இன்னார் இனி எங்கள் வழிகாட்டுதலில் இல்லை, அவருடைய முடிவுகளுக்கு இரு துறைகளும் பொறுப்பல்ல என்று இருந்தது. ஸ்ரீரங்கராஜனின் அழகான ஆங்கிலம். பத்திகளுக்குத் தாயுமானவன் வழக்கமாகப் போடும் ஒன்று, இரண்டு, மூன்று. கீழே இரண்டு கையெழுத்து, பக்கத்தில் பக்கத்தில்.

"ரெண்டு பேர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்குங்கம்மா. நான் பேசி இதை வாபஸ் வாங்க வைக்கிறேன்" என்றார் அமிர்தசாமி. கெட்ட மனிதர் இல்லை. பிரச்சினை இல்லாத ஜூன் மாதம் ஒன்று வேண்டும் அவருக்கு.

அக்னஸ் தாளை இரண்டாம் தடவை படித்தாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. அவமானத்துக்கும் ஆத்திரத்துக்கும் நடுவே ஒரு கர்வம் எட்டிப் பார்த்ததுதான் அவளுக்கே ஆச்சரியம்.

"எச்சில் பட்டதுக்கு ஹிஸ்டரி சார்கிட்ட ஏற்கெனவே கேட்டாச்சு. வேற எதுக்குங்க சார் கேக்கணும்?"

"பெரியவங்களைச் சபையில தப்புன்னு சொன்னதுக்கு."

"தப்பா இருந்துச்சே சார்."

தாயுமானவன் ஜன்னலைப் பார்த்தார். ஸ்ரீரங்கராஜன் அங்கவஸ்திரத்தைச் சரி செய்தார்.

"நாலு வருஷமா ரெண்டு பேரும் சேர்ந்து எனக்காக ஒரு வரி எழுதினதில்லை" என்றாள் அக்னஸ். "இந்தக் காலேஜ்ல ரெண்டு துறையும் சேர்ந்து எழுதின முதல் கட்டுரை இதுதான் போலிருக்கு. எனக்கு ஒரு பிரதி குடுங்க சார், வெச்சுக்கறேன்."

பிரதி கொடுக்கவில்லை. ஜூனில் வேலையும் கொடுக்கவில்லை. வியாகுலம்மாள் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அப்பா அற்புதசாமி பட்டறைக்குப் போகும்போது வழக்கத்தைவிடச் சத்தமாகக் கதவைச் சாத்தினார். உறையூரில் ஒரு டியூட்டோரியலில் அக்னஸுக்குச் சாயங்கால வகுப்பு கிடைத்தது. ஸ்கூலில் தேறாத பிள்ளைகளுக்கு விஞ்ஞானமும் சரித்திரமும் இரண்டும் எடுக்கச் சொன்னார்கள்; அங்கே அதை யாரும் குற்றமாக நினைக்கவில்லை.

பகலில் அவள் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய், அங்கிருந்து நடந்து அந்த வாழைத் தோப்புக்குப் போனாள். மூன்றாவது குழியை வெட்டிக்கொண்டிருந்தாள். தோப்புக் குத்தகைக்காரர் அழகிரிக்கு முதல் இரண்டு குழிகளே வயிற்றெரிச்சல். ஒரு நாள் மத்தியானம் அவருடைய கன்றுக்குட்டி குழி ஓரத்தில் கால் சறுக்கி விழப் பார்த்தது. கன்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்து குழிக்கு மேலே நின்றார்.

"இது என்ன தோப்பா, சுரங்கமா? நான் உங்க காலேஜுக்கே வந்து சொல்றேன். அங்க யாரைப் பாக்கணும், சொல்லுங்க."

குழிக்குள் நின்ற அக்னஸ் நிமிர்ந்தாள். "பாக்க அங்க யாரும் இல்லைங்க. நான் இப்ப காலேஜ்ல இல்லை."

"காலேஜ்ல இல்லையா? அப்புறம் என்ன ஆபீஸு? சர்க்காரா?"

"ஆபீஸ் எதுவும் இல்லைங்க."

அழகிரிக்குக் கோபம் இன்னும் ஏறியது. "காலேஜும் இல்லை, ஆபீஸும் இல்லை. பின்னே யாரும்மா நீங்க? என்ன வேலைன்னு என் தோப்புல இறங்கி நிக்கிறீங்க?"

நாலு வருஷமாக இந்தக் கேள்விக்கு அவளிடம் அரை அரையாக இரண்டு பதில் இருந்தது. அவள் குழிச் சுவரில் மார்பளவில் ஓடிய வெள்ளை மணலில் கையை வைத்தாள்.

"இந்த மணல் எப்ப வந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறவ."

"அதுக்குன்னு ஒரு ஆளா?"

"ஆமாங்க. ஒரே ஆள்தான் இருக்கேன்."

அழகிரி கொஞ்ச நேரம் அவளையும் மணலையும் மாறி மாறி முறைத்தார். பிறகு கன்றைத் தென்னையில் கட்டிவிட்டு, குழியைச் சுற்றி முள்ளு வெட்டிப் போடச் சொல்லித் திட்டிக்கொண்டே போனார். அக்னஸ் மண்வெட்டியை எடுத்தாள்.